கொறோலா 110ஐக் குடுத்திட்டு அக்வா எடுத்தாச்சு: பாவிச்ச ஹைபிரிட் வாங்கலாமோ, பெற்றோலோ?

முதலே முடிவைச் சொல்லிப்போடுறன், பிறகு ஆறுதலா வாசியுங்கோ. நான் எடுத்தது ரொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் பற்றறியில ஓடுற மோட்டரும் சேந்த ஹைபிரிட், 2014 தயாரிப்பு, எஸ் கிரேட், ஒரு வருசத்துக்குக் கிட்ட ஓடிக்கொண்டிருக்கிறன், எனக்குத் திருப்தி. ஆனா மாசம் ஆயிரம் கிலோமீற்றர் கூட ஓடாத ஆக்களுக்கு இதை எடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். சந்தைக்கும் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கார் வேணுமெண்டா ஒரு நல்ல பெற்றோல் விற்ஸாப் பாத்து எடுத்துப்போட்டு நிம்மதியா இருங்கோ. ஏனெண்டு கீழ எழுதியிருக்கிறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், கார் தேடித் திரிஞ்ச நேரத்தில கண்டது கேட்டது எல்லாம் சேத்து எழுதிறன்.

என்னட்ட முந்தி நிண்டது கொறோலா 110, 5ஏ எஞ்சின், 1500 சிசி. அதில ஒரு குறையும் சொல்லேலாது, எந்த ஒழுங்கைக்குள்ள நிண்டுபோனாலும் கிட்ட இருக்கிற கராச்சில ஆராவது ஒருத்தர் வந்து திருத்திப்போடுவார், சாமானும் எங்கயும் கிடைக்கும். ஆனா வயசு போட்டுது. அடித்தகடு கறள் பிடிச்சு வருசா வருசம் டிங்கர் வேலைக்குக் காசு இறைக்கிறது, ஏசி ஒருநாள் வேலை செய்யும் ஒருநாள் செய்யாது, அதுக்கு மேல லீற்றருக்கு பத்து பத்தரைக்கு மேல ஓடாது. எனக்கு வீடு கொக்குவில், வேலை கிளிநொச்சி, போய்வர 130 கிலோமீற்றர் எண்டு வையுங்கோ. 2022ல 92 பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எண்டு தந்தினமே, அந்த 20 லீற்றரில 110 கிளிநொச்சிக்கு ஒண்டரைத் தரம்தான் போய்வரும், மிச்சத்துக்கு ஆனையிறவில இறங்கி நடக்கவேண்டியதுதான். நான் பஸ்ஸில போய்வந்தனான். எங்கட அப்பா ஆக்கள் தொண்ணூறுகளில பெற்றோல் தடை நேரம் மண்ணெண்ணெய் ஊத்தி ஒஸ்ரின் ஓடின ஆக்கள், அவையிட்டப் போய் பெற்றோல் தட்டுப்பாடு எண்டு கவலைப்பட்டா சிரிக்கினம்.

அப்பவே காரை மாத்தவேணுமெண்டு யோசிச்சது, ஆனா 2020 மார்ச்சில இறக்குமதியை நிப்பாட்டினதோட பாவிச்ச கார் விலை எல்லாம் ஆகாயத்துக்குப் போட்டுது. 2025 மாசி முதலாந் திகதி திரும்பத் திறந்துவிடப்போயினம் எண்டு கேள்விப்பட்டவுடன என்னை மாதிரி கனபேர் விலை இறங்கும் எண்டு காத்துக்கொண்டு நிண்டவை. இறங்கேல்லை. இறங்கவும் மாட்டுது, ஏனெண்டா நிப்பாட்டேக்க டொலர் இருநூறுக்கும் கீழ, திறக்கேக்க முந்நூறுக்குக் கிட்ட, அதுக்கு மேல சுங்க வரி, அதில சேர்க்கை வரி, எக்சைஸ், 18 வீதம் வற் எண்டு அடுக்கினா ஜப்பானில இருந்து வாற புதுசு ஒண்டும் எங்கட கைக்கு எட்டாது. அதாலை ஏற்கெனவே நாட்டுக்குள்ள ஓடுற பழசுக்குள்ளதான் தேடவேணும். எனக்கு எழுவது லட்சத்தைச் சுத்தித்தான் கணக்கு, 110 வித்த காசும் அதுக்குள்ள.

அந்தக் காசுக்கு எங்கட பக்கம் வாற ஆக்கள் ஆரெண்டு பாத்தா விற்ஸ், அக்வா, வாகன் ஆர், ஹொண்டா ஃபிட், பழைய பிறியஸ், அதிஷ்டம் இருந்தா அக்சியோ ஹைபிரிட். ஒவ்வொண்டா வாறன்.

வாகன் ஆரைக் கன சனம் ஹைபிரிட் எண்டு சொல்லி விக்கும், பின்கதவில ஹைபிரிட் எண்டு எழுதியும் இருக்கும், ஆனா அது அக்வா மாதிரி ஹைபிரிட் இல்லை. 2017ல வந்த எஃப்எக்ஸ், எஃப்ஸெட் மொடல்களில இருக்கிறது எஞ்சினுக்குக் கை குடுக்கிற ஒரு சின்ன மோட்டர், தனிய மோட்டரில நகரும் எண்டு சொல்லுறதும் 13 கிலோமீற்றர் வேகத்துக்குள்ள ஒரு பத்துச் செக்கன்தான். அது பெரிய குறையில்லை, சொல்லப்போனா பெரிய பற்றறிச் செலவே இல்லாதது ஒரு நன்மை. 660 சிசி, யாழ்ப்பாணத்து ஒழுங்கைக்கு அதைவிட நல்ல கார் இல்லை, ஏறி இறங்கிறதுக்கு வயசானவைக்கு நல்ல சுகம். ஆனா கிளிநொச்சிக்குப் போற ஏ9 றோட்டு எனக்கு அடிக்கடி ஓடுற வழி, ஆனையிறவு வெளியில சோழகம் அடிக்கிற மாசங்களில உயரமான சின்னக் காரை நேரா பிடிக்கிறதே ஒரு வேலை. அதாலை எனக்குச் சரிவராது எண்டு விட்டிட்டன். கிளிநொச்சிக்குப் போகாத ஆள் எண்டா நான் இதைத்தான் முதல் பாப்பன்.

ஹொண்டா ஃபிட் பாக்க வடிவு, உள்ளுக்க இடம் அக்வாவைவிடக் கூட, ஓட்டமும் கலக்கலெண்டு சொல்லுவினம். ஜிபி5 எண்டு சொல்லுற மொடலில இருக்கிறது ஏழு கியர் டிசிரி, ரெண்டு கிளச் உள்ள ஓட்டோ கியர். 2013 செப்டெம்பரில ஜப்பானில விடத் துவங்கினது, அடுத்த வருசம் முடியிறதுக்குள்ள அங்கயே அஞ்சு தரம் ரீகால் எண்டு கொம்பனியே திருப்பிக் கூப்பிட்டுத் திருத்தினது, அதில கியரின்ர சொவ்ற்வெயார் சம்பந்தப்பட்டதுகளும் இருந்தது. திருத்தின கார்கள் நல்லா ஓடுது எண்டுறவையும் இருக்கினம். எண்டாலும் பத்து வருசத்துக்கு மேல பழசான டிசிரியை யாழ்ப்பாணத்தில வைச்சு ஆரிட்டக் காட்டிறது எண்டு யோசிச்சு அதை ஓடிப்பாக்கக்கூட நான் போகேல்லை. பழைய பிறியஸ், அந்த மூண்டாவது மொடல், 1800 சிசி, காசுக்குப் பெரிய கார்தான், இருந்து போறதுக்குத் திறம். ஆனா புகையைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற ஈஜிஆர் அடைச்சு ஹெட் கஸ்கெற் போறது, பிறேக்குக்கு அமுக்கம் குடுக்கிற அக்சுவேற்றர் போறது எண்டு ரெண்டு விசயம் எந்த ஹைபிரிட் மெக்கானிக்கிட்டக் கேட்டாலும் முதல் வாய்க்கே சொல்லினம். அக்சியோ ஹைபிரிட் எண்டா அக்வாவின்ர அதே எஞ்சின், அதே முறை, பின்னுக்கு டிக்கி உள்ள கார், அதுதான் எனக்கு உண்மையில ஆசை, ஆனா என்ர காசுக்கு வாறது எல்லாம் கண்டபாட்டுக்கு ஓடின சாமான்.

கடைசியில நிண்டது விற்ஸும் அக்வாவும்தான். ரெண்டும் ஒரே அளவு, விலையும் சில நேரம் ஒண்டு. ஒரே வருசத்து விற்ஸ் அக்வாவைவிடக் கூட விலைக்குப் போறதையும் கண்டனான், ஹைபிரிட் பற்றறிப் பயத்தில சனம் அப்பிடிக் குடுக்குது. விற்ஸின்ர 1000 சிசி மூண்டு சிலிண்டர் எஞ்சினில குழப்பமே இல்லை, நிண்டு வேலை செய்யேக்க ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், அது அதின்ர பிறவிக் குணம். சிவிரி எண்ட அதின்ர ஓட்டோ கியருக்கு ஒயில் ஒழுங்கா மாத்தி வைச்சிருந்தா சோலியில்லாம ஓடும்.

இப்ப கணக்குக்கு வாங்கோ, இதுதான் முக்கியம். நான் எடுத்த நேரம் 92 பெற்றோல் முந்நூறை ஒட்டி. விற்ஸ் லீற்றருக்கு 16 எண்டும் அக்வா 22 எண்டும் வைப்பம், ரெண்டுமே கொஞ்சம் அடக்கமான கணக்கு. மாசம் ரெண்டாயிரம் கிலோமீற்றர் ஓடுற எனக்கு விற்ஸ் எண்டா 125 லீற்றர், அக்வா எண்டா 91. வித்தியாசம் 34 லீற்றர், கிட்டத்தட்டப் பத்தாயிரம் ரூபா, வருசத்துக்கு ஒரு லட்சத்து இருவதாயிரம். ஹைபிரிட் பற்றறி மாத்திறதுக்கு ரெண்டு லட்சத்தில இருந்து நாலு லட்சம் மட்டும் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விலை சொன்னது, றீகண்டிசனோ புதுசோ எண்டதைப் பொறுத்து. மூண்டு எண்டு வைச்சாலும் ரெண்டரை வருசத்தில பெற்றோல் மிச்சத்திலயே பற்றறி வந்திடும். அதே மாசம் ஐந்நூறு கிலோமீற்றர் ஓடுற ஆள் எண்டா வித்தியாசம் எட்டரை லீற்றர், ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா. அந்தப் பற்றறிக் காசைப் பிடிக்க அவருக்குப் பத்து வருசம் வேணும், அதுவரைக்கும் பற்றறியும் இருக்காது காரும் இருக்காது. ஹைபிரிட் நல்லதோ கூடாதோ எண்டு சண்டை பிடிக்கிற ஆக்கள் ஒருத்தரும் நீ மாசம் எவ்வளவு ஓடுறாய் எண்டு கேக்கிறேல்லை, அதுதான் எனக்கு விளங்கேல்லை.

இதில இன்னொரு விசயம் இருக்கு. குறைவா ஓடுற ஆளுக்கு மிச்சம் குறைவு எண்டது மட்டுமில்லை, ஹைபிரிட் பற்றறி சும்மா நிண்டாலே பழுதாப்போகும். எங்கட ஊரில வெளிநாட்டுக்காரரின்ர கார் எண்டு ஒரு தனி வகை இருக்கெல்லோ, கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிறவை வாங்கி வீட்டில விட்டிட்டுப் போவினம், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஒரு மாசம் ஓடுவினம், மிச்ச நாள் போர்வை போத்தித் தகரக் கொட்டிலுக்குள்ள நிக்கும். விக்கேக்க மைலேஜ் உண்மையாவே குறைவாத்தான் இருக்கும், பெயின்ற் பளபள எண்டு நிக்கும், சீற்றில பொலித்தீன் கூட கழட்டியிருக்காது, பாக்கிற எல்லாருக்கும் ஆசை வரும். பெற்றோல் கார் எண்டா நானும் அதைத்தான் எடுப்பன். ஹைபிரிட் எண்டா வேண்டாம். மாசக்கணக்கா ஓடாம நிண்டா நிக்கல் பற்றறி தானா இறங்கி, செல்லுகளுக்குள்ள ஒண்டு கூட ஒண்டு குறைய எண்டு சமநிலை குழம்பும். கோண்டாவில் பக்கம் அப்பிடி ஒரு அக்வா பாக்கப்போனனாங்கள், 12 வோல்ட் பற்றறியே செத்து, ஜம்ப் குடுத்துத்தான் உயிர் வந்தது, டாஸ்போட்டில காட்டுற பற்றறிக் கட்டை ரெண்டு நிமிசத்தில மேல ஏறி அதே வேகத்தில கீழ விழுந்தது. வீட்டுக்கார ஐயா பாவம், நல்ல மனிசன், தேத்தண்ணி தந்தவர், எனக்கு வேண்டாமெண்டு சொல்லத்தான் கஸ்டமா இருந்தது.

அதுக்கு நேர் எதிரா ஒண்டு, ஒரு கார் சேல், பேர் வேண்டாம். மீற்றரில எழுவத்தையாயிரம் காட்டிச்சு. ஸ்ரேறிங்கில பிடி தேஞ்சு மினுங்குது, பிறேக் பெடல் றப்பரில கோடு ஒண்டும் இல்லை, ட்றைவர் சீற்றின்ர கரை அமுங்கிப்போய்க் கிடக்கு, ஒயில் மாத்தினதுக்குக் கதவுக் கரையில ஒட்டின பழைய ஸ்ரிக்கர் ஒண்டைக் கிழிக்க மறந்திட்டினம், அதில ஒரு லட்சத்து நாப்பதைத் தாண்டின இலக்கம். தம்பி இது என்ன எண்டு கேட்டா, அண்ணை அது முந்தின ஓனர் வேற காருக்கு ஒட்டினதா இருக்கும் எண்டுறார். வேற காரின்ர ஸ்ரிக்கரை இந்தக் காரில ஒட்டிற ஓனர். ஒக்சன் சீற் எண்டு, ஜப்பான் ஏலத்தில காரைப் பாத்துத் தரம் போட்ட சீட்டின்ர ஒரு போட்டோக் கொப்பியும் நீட்டினவர், நாலரை கிரேட். அந்தச் சீற்றை நம்பாம சேசிஸ் நம்பரைக் குடுத்து நீங்களே எடுப்பிக்கலாம், கொஞ்சக் காசுதான். ஆனா ஒக்சன் சீற் சொல்லுறது ஜப்பானில இருந்து வெளிக்கிடேக்க கார் எப்பிடி இருந்தது எண்டு மட்டும்தான், இஞ்ச வந்து பத்து வருசம் ஓடின பிறகு அது பழைய கலியாணக் காட் மாதிரி, வைச்சுப் பாக்கலாம், அவ்வளவுதான்.

தயாரிச்ச வருசமும் பதிஞ்ச வருசமும் வேற வேற எண்டதையும் கவனியுங்கோ. 2012 காரை 2014ல பதிஞ்சிருப்பினம், விளம்பரத்தில 2014 எண்டு போடுவினம். சிஆர் எண்ட பதிவுப் புத்தகத்தில ரெண்டும் இருக்கும். அக்வாவில இது முக்கியம், முதல் வந்தது 2011 மார்கழியில, பிறகு 2014 கடைசியில ஒரு முகமாத்தம், 2017ல இன்னொண்டு. எல், எஸ், ஜி எண்டு கிரேட், எல் எண்டா வசதி குறைவு, விலையும் குறைவு, விக்கேக்கயும் குறைவாத்தான் போகும். நான் எஸ் போதும் எண்டு எடுத்தது.

என்ர காரை எடுத்தது ஒரு கவுண்மேந்து உத்தியோகத்தரிட்ட, வவுனியாவில. தினசரி ஓடின கார், மீற்றர் ஒரு லட்சத்து இருவதுக்கு மேல, அதை ஒளிக்கவுமில்லை, சேர்விஸ் செய்த பில் எல்லாம் ஒரு கோப்பில அடுக்கி வைச்சிருந்தவர். கூடின மைலேஜ் எண்டு கனபேர் பாத்திட்டு விட்டிட்டுப் போயிருக்கினம், அதாலைதான் விலை பேச ஏலுமா இருந்தது. எனக்கு அந்தக் கோப்புத்தான் பிடிச்சுது.

சும்மா கோப்பை நம்பி எடுக்கேல்லை, ஹைபிரிட் மட்டும் செய்யிற ஒரு மெக்கானிக் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனனான். அந்தாள் செய்ததை வடிவாச் சொல்லுறன், ஏனெண்டா இந்தச் சேவைக்குக் குடுத்த காசுதான் முழுக் கதையிலயும் பெறுமதியான செலவு. முதல் வேலை, நாங்கள் வாறம் எண்டு சொல்லி காரை ஸ்ராட் பண்ணவேண்டாம் எண்டு முதல்நாளே ஓனரிட்டச் சொல்லிவைச்சவர், குளிர் எஞ்சினில பாக்கவேணுமாம். போய் போனட்டில கை வைச்சுப் பாத்திட்டுத்தான் துவங்கினவர். கதவைத் திறக்கேக்க பிறேக் பம்ப் ஒரு ஊம் எண்டு சத்தம் போட்டு நிக்கும், அது வழமை, ஆனா நிக்காம அடிக்கடி அடிச்சா அக்சுவேற்றர் களைச்சுப்போச்சு எண்டு அர்த்தம், அதின்ர விலை கேட்டா பற்றறி பரவாயில்லை எண்டு இருக்கும். பிறகு ஸ்கானரைக் குத்தி பிழைக் கோட் ஏதும் இருக்கோ எண்டு பாத்தவர். பற்றறி போனா வாற கோட் பி0ஏ80, விக்கிறதுக்கு முன்னம் அதை அழிச்சுப்போட்டு நிப்பாட்டிற ஆக்கள் இருக்கினம், அதாலை ஸ்கானர் சுத்தமாக் காட்டினாலும் உடன சந்தோசப்படக்கூடாது, ஏசியும் போட்டு ஒரு முப்பது கிலோமீற்றராவது ஓடவேணும். நாங்கள் மன்னார் றோட்டால ஓடினனாங்கள். அக்வா பற்றறிக்குள்ள 20 மொடியூல், ஒவ்வொண்டும் 7.2 வோல்ட், எல்லாம் வரிசையில மொத்தம் 144. ஓடிக்கொண்டிருக்கேக்க போனில டொக்டர் பிறியஸ் அப்பில பிளாக்குகளின்ர, அதாவது சேத்துக் கட்டின மொடியூல்களின்ர, வோல்ட்டைப் பாத்துக்கொண்டு வந்தவர், அமத்தி இழுக்கேக்க எல்லாம் சேந்து இறங்கவேணும், பிறேக் பிடிக்கேக்க எல்லாம் சேந்து ஏறவேணும், ஒண்டு மட்டும் தனிய விழுந்தா அங்கதான் வருத்தம்.

அப்பிடி ஒரு செல் போன காரை, ஒண்டு ரெண்டு செல் மாத்தினாச் சரி அண்ணை, நாப்பதாயிரத்தில முடிக்கலாம் எண்டு சொல்லுவினம். அதைச் செய்து விக்கிறவைக்கு அது காணும், வாங்கிறவைக்குக் காணாது. பழசுகளுக்குள்ள புதுசு ஒண்டைச் செருகினா சில மாசத்தில அடுத்த பழசு போகும், பிறகு அடுத்தது.

பின் சீற்றுக்குக் கீழதான் பற்றறி, அதுக்குக் காத்து இழுக்கிற ஓட்டையும் அங்கதான். அந்தாள் சீற்றைத் தூக்கி விசிறியைக் கழட்டிக் காட்டினவர், உள்ளுக்க தூசியும் தலைமயிரும் பஞ்சும் ஒரு கை. காருக்குள்ள இருக்கிற ஏசிக் காத்தைத்தான் அது இழுத்துப் பற்றறியைக் குளிர வைக்கிறது, எங்கட பங்குனி சித்திரை வெயிலுக்கு அந்த ஓட்டையை மறைச்சு அரிசி மூட்டையும் பையும் வைச்சுக்கொண்டு திரிஞ்சா பற்றறிக்கு ஆயுள் குறையும். ஏசியை நிப்பாட்டி பெற்றோல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு கண்ணாடி இறக்கி ஓடுற ஆக்களும் இதைத்தான் செய்யினம். கடைசியா பற்றறிக் கரண்டை மோட்டருக்கு மாத்திக் குடுக்கிற இன்வேட்டரின்ர கூலன்ற் போத்தலைத் திறந்து, கார் ரெடி எண்டு காட்டி ஓட ஆயத்தமா நிக்கேக்க தண்ணி அசையுதோ எண்டு பாத்தவர். அதுக்குத் தனி பம்ப், எஞ்சின் கூலன்ற்றோட சம்பந்தமில்லை, கனபேர் ஒண்டை மாத்திப்போட்டு மற்றதை அப்பிடியே விடுவினம்.

இனி ஓட்டம் எப்பிடியெண்டு. கிளிநொச்சிக்கு அறுவது எழுவதில ஏசியோட போய்வர லீற்றருக்கு 23, 24 வருது. ஊருக்குள்ள திருநெல்வேலிச் சந்தைப் பக்கம், ஆஸ்பத்திரி றோட்டு எண்டு நிண்டு நிண்டு போகேக்க 110 ஏழு எட்டுக்கு இறங்கும், இது இருவதுக்குக் கீழ வரேல்லை, அங்கதான் ஹைபிரிட்டின்ர உண்மையான வித்தை. ஜப்பான் பிரசுரத்தில 35க்கு மேல எண்டு போட்டிருக்கும், அதைக் கனவிலயும் நினைக்காதேங்கோ. கொழும்புக்கு ஒருக்கா புத்தளம் வழியாப் போனனாங்கள், எண்பதுக்கு மேல மிதிச்சா மிச்சம் குறையும், அது எந்த ஹைபிரிட்டுக்கும் பொதுவானது. ராங்க் 36 லீற்றர்தான் எண்டாலும் யாழ்ப்பாணத்தில நிரப்பினா கொழும்புக்குப் போய்ச் சேந்தும் பாதிக்குக் கிட்ட மிஞ்சியிருக்கும்.

பிடிக்காததையும் சொல்லவேணும். கார் தாழ்வு. எங்கட ஒழுங்கைகளில சனம் தாங்களாவே சீமேந்தில கட்டின வேகத்தடை இருக்கெல்லோ, அஞ்சுபேர் ஏறினா அதில அடி தட்டும். பின் சீற்றில தலை இடிக்கிற அளவுக்கு உயரமான ஆக்கள் எங்கட வீட்டில இல்லை, ஆனா இருந்தா இடிக்கும். டிக்கி சின்னன், ரெண்டு பெரிய பயணப் பெட்டியோட எயார்போட்டுக்குப் போறெண்டா மடியில ஒண்டு வைக்கவேணும். எஞ்சின் ஏறி இழுக்கேக்க ஒரு அழுகைச் சத்தம், 110 ஓடிப் பழகின காதுக்கு கியர் மாறாத அந்தச் சத்தம் கொஞ்ச நாளுக்கு விசரைக் கிளப்பும், பிறகு பழகிடும். உள்ளுக்க டாஸ்போட் எல்லாம் கடினமான பிளாஸ்ரிக், கார் ஓடுற நேரம் அங்கங்க கிறீச் கிறீச். மனிசிக்கு மீற்றர் நடுவில இருக்கிறது பிடிக்கேல்லை, எனக்கு அது பிரச்சினையில்லை.

பராமரிப்பில ஆக்கள் நினைக்கிறதைவிடச் செலவு குறைவு. இதில ஸ்ராட்டர் மோட்டரும் இல்லை, ஓல்ரனேற்றரும் இல்லை, எஞ்சினுக்கு வெளிய ஓடுற பெல்ற்றும் இல்லை, அப்ப அதுகள் பழுதாகவும் ஏலாது. பிறேக் பாட் தேயிறதும் மெதுவு, பாதி பிறேக்கை மோட்டர்தான் பிடிக்குது. 12 வோல்ட் பற்றறி பின்னுக்கு, சீற்றுப் பக்கம் இருக்கு, காருக்குள்ள இருக்கிறதாலை வாயு வெளிய போற குழாய் உள்ள சரியான வகைதான் போடவேணும், சாதாரண கார் பற்றறியைத் திணிக்க விடாதேங்கோ. ஏசி விசயத்திலயும் கவனம். இதின்ர கொம்பிறசர் உயர் வோல்ட் கரண்டில ஓடுறது, அதுக்கு என்டி 11 எண்ட ஒயில் மட்டும்தான். சாதாரண காருக்கு ஊத்திற ஒயிலைக் காஸோட சேத்து அடிச்சா உள்ளுக்க இருக்கிற கொயிலின்ர காப்பு பழுதாகி, ஏசி மட்டுமில்லை காரே ரெடி வராம நிக்கும். அதாலை தெரியாத ஏசிக் கடையில காஸ் அடிக்க விடாதேங்கோ, முதலில என்ன ஒயில் பாவிக்கிறீங்கள் எண்டு கேளுங்கோ, முழிச்சினமெண்டா திரும்பி வாங்கோ.

புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகேக்க எஞ்சின் தானா நிண்டிடும், அவை சோதிக்க ஏலாம நிப்பினம். அதுக்கு மெயின்ரனன்ஸ் மோட் எண்டு ஒண்டு, பார்க்கில வைச்சு அக்சிலேற்றரை ரெண்டுதரம், நியூற்றலில ரெண்டுதரம், திரும்பப் பார்க்கில ரெண்டுதரம் முழுசா மிதிச்சிட்டு ஸ்ராட் பண்ணினா எஞ்சின் நிக்காம ஓடும். இப்ப கூடுதலா எல்லா இடத்திலயும் பெடியளுக்குத் தெரியும்.

எழுத்து வேலையில ரெண்டே ரெண்டு. சிஆர் புத்தகத்தில அப்சலூட் ஓனர் எண்ட இடத்தில லீசிங் கொம்பனியின்ர பேர் கிடந்தா, கட்டி முடிச்சாச்சு எண்டு வாயால சொன்னதை நம்பாதேங்கோ, அவை விடுவிச்ச கடிதம் கையில வராம காசு முழுக்கக் குடுக்கவேண்டாம். மற்றது ஓப்பின் பேப்பர். கையெழுத்து வைச்ச போர்ம் இருக்கு, எப்ப வேணுமெண்டாலும் மாத்தலாம் எண்டு குடுப்பினம், அந்தக் கையெழுத்துக்காரர் மூண்டு கைக்கு முன்னம் இருந்த ஆளா இருப்பார், இப்ப பிரான்சில இருப்பார், அல்லது உயிரோடயே இருக்கமாட்டார். விலை எவ்வளவு குறைவெண்டாலும் வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர இணையத்தில வாகன நம்பரைப் போட்டுப் பதிவு விபரம் பாக்க வசதி இருக்கு, போய்ப் பாக்கிறதுக்கு முதலே அதைச் செய்தா கன பெற்றோல் மிச்சம். முழு இன்சூரன்ஸ் போட்டா பற்றறியும் அதுக்குள்ள வரும் எண்டு ஒரு சேல்ஸ் தம்பி சொன்னவர், வராது, இடிச்சு உடைஞ்சா வரும், தேஞ்சுபோனா வராது.

பற்றறி இப்ப நல்லாத்தான் இருக்கு, ஆனா பத்து வருசம் தாண்டின பற்றறி, எப்பவும் போகலாம். மாசம் மிஞ்சிற பெற்றோல் காசை மனிசி தன்ர புத்தகத்தில தனியப் போட்டு வாறா, அதில கை வைக்கிறேல்லை எண்டு பேச்சு.

இப்ப சுன்னாகத்தில இருக்கிற சித்தப்பா தன்ர பழைய ஓல்ற்றோவை மாத்தப்போறன், எனக்கும் உன்ர மாதிரி அக்வா ஒண்டு பார் எண்டு நிக்கிறார். ஆள் பென்சன் எடுத்தாச்சு, கிழமைக்கு ஒருக்கா மருதனார்மடம் சந்தை, மாசத்துக்கு ஒருக்கா கிளினிக், அவ்வளவுதான் ஓட்டம். அவருக்கு அக்வா இல்லை, விற்ஸ்தான் எண்டு சொல்லிப்போட்டன், முதலில கொஞ்சம் கோவம், பிறகு கணக்கை எழுதிக் காட்டினவுடன சரியெண்டிட்டார். 2014க்குப் பிறகு வந்த முகம், ஒரே ஓனர், பதிவுப் பேப்பர் சுத்தம், வெள்ளை மட்டும் வேண்டாமாம் ஊத்தை தெரியுமாம். யாழ்ப்பாணத்துக்குள்ள ஆரிட்டயாவது அப்பிடி ஒண்டு நிண்டா சொல்லுங்கோ, வந்து பாக்கிறம், மெக்கானிக் அண்ணையையும் கூட்டிக்கொண்டுதான் வருவம்.